பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் நமது வீதிகளும்: வாசகர் கேள்வி – பதில்

எம்.ஜி., ட்ரையம்ஃப், ஒஸ்ரின் ஹீலி ஆகிய பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எஞ்சினை விட்டுவிட்டு, ஸ்பிறிங், ஷொக் (ஸ்பிறிங்கின் துள்ளலை அடக்கும் கருவி), ரயர், ஸ்ரியரிங் ஆகியவற்றைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை இப்பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் பெரியப்பா கொழும்பில் வேலை செய்த காலத்தில் வாங்கிய 1967 ஆம் ஆண்டு எம்.ஜி.பி. திறந்த கார், இருபது வருடங்களுக்கு மேலாகக் கொட்டிலில் நின்றபின், எஞ்சின் வேலை முடிந்து இப்போது ஓடத் தொடங்கியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டினால் நேராகப் போகாமல் இரு பக்கமும் அலைகிறது. ஓட்டுநர் பக்கம் தாழ்ந்து நிற்கிறது. கிடங்கில் விழும்போது முன்பக்கத்தில் ‘டக்’ என்று சத்தம் கேட்கிறது. இலண்டனில் இருக்கும் மைத்துனர், காரைத் தாழ்த்தும் கடினமான ஸ்பிறிங்குகளையும் தடித்த அன்ரி ரோல் பாரையும் (வளைவில் கார் சரிவதைக் குறைக்கும் இரும்புத் தண்டு) வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். அனுப்பச் சொல்லலாமா? (கொக்குவில் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள். அவர் செலவழிக்க நினைக்கும் பணத்தில் பாதிக்கும் குறைவான தொகைக்குக் கிங் பின் (முன் சில்லு திரும்புவதற்கான நிமிர்ந்த அச்சு) செற், புஷ்கள் (மூட்டுகளுக்குள் இருக்கும் உறைகள்), பின் ஸ்பிறிங்கின் றப்பர்கள் ஆகியவற்றை வாங்கி அனுப்பினால் உங்கள் கார் திருந்திவிடும். நீங்கள் எழுதியுள்ள மூன்று குறைகளும் தேய்மானத்தினால் வருபவை. அவற்றுள் ஒன்றேனும் ஸ்பிறிங் மென்மையாக இருப்பதனால் வந்ததல்ல. தேய்ந்த மூட்டுகளின் மேல் கடினமான ஸ்பிறிங்கைப் பொருத்தினால், வீதியின் ஒவ்வோர் அடியும் அந்த மூட்டுகளில் இன்னும் பலமாக விழும். அலைச்சல் அப்படியே இருக்க, முதுகுவலி மட்டும் புதிதாகச் சேரும்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்டது. இதன் முன்பக்க அமைப்பு, 1940களின் இறுதியில் வந்த எம்.ஜி. வை மாதிரிக் காருக்காக அலெக் இசிகோனிசும் ஜாக் டானியல்சும் வரைந்த அமைப்பின் வழிவந்தது: கொயில் ஸ்பிறிங், கீழே முக்கோண வடிவக் கை, மேலே லீவர் ஷொக்கின் (கை பூட்டிய பழைய வகை ஷொக்) கைகள், இரண்டுக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கும் கிங் பின். பின்பக்கம் லொறிகளில் உள்ளதைப் போன்ற பிளேட் ஸ்பிறிங்கின் மேல் ஒரே துண்டான அச்சு. இந்த எளிய அமைப்பு, எல்லா மூட்டும் இறுக்கமாக இருக்கும் வரை, வளைவில் ஓட்டுநரின் கையோடு பேசுகின்ற, மிகவும் நேர்மையான அமைப்பாகும். மூட்டுகள் தளர்ந்தால் அதே கார் தள்ளாடும் மாட்டுவண்டியாகிவிடும்.

முதலில் ‘டக்’ சத்தத்தைத் தேடுங்கள். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, தாங்கிகளில் இருத்தி, சில்லை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் புறமுமாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், வேறொருவரைப் பிறேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். பிறேக் பிடித்தவுடன் ஆட்டம் மறைந்தால் குறை சில்லின் பெயாரிங்கில் இருக்கிறது. மறையாவிட்டால் கிங் பின்னில் அல்லது அதன் மேல், கீழ் இணைப்புகளில் இருக்கிறது. பெயாரிங்கின் ஆட்டத்தை மெல்லிய தகடுகளை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், 0.002 முதல் 0.004 அங்குலம் வரை இடைவெளி இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலையின் அளவு. ‘முறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்தினால் போதும்’ என்று வேறு கார்களில் செய்யும் வழக்கம் இங்கே பொருந்தாது. கிங் பின் தேய்ந்திருந்தால் புதிய பின்னும் புஷ்ஷும் போட்டு, புஷ்ஷின் துளையைப் பின்னுக்கு ஏற்ற அளவுக்கு ரீமர் செய்விக்க (கடைந்து சரிசெய்விக்க) வேண்டும். இவ்வேலையை நமது லேத் பட்டறைகளில் நன்றாகவே செய்வார்கள். அதன் பிறகு ஒவ்வொரு 3,000 மைலுக்கும் கிறீஸ் ஏற்றுவதை மறக்காதீர்கள். சில்லு நிலத்தில் நிற்கும்போது கிறீஸ் ஏற்றினால், சுமை அழுத்துகின்ற முகத்துக்கு அது போய்ச் சேராது. சில்லைத் தூக்கித் தொங்கவிட்டே ஏற்ற வேண்டும்.

அடுத்தது கீழ்க் கையின் உட்புற றப்பர் புஷ்கள். உங்கள் காரில் இவை சாதாரண றப்பர்த் துண்டுகளாக இருக்கும். இத்தனை வருடம் நின்ற காரில் அவை அப்பளம் போல நொறுங்கியிருக்கும். 1973 இல் வந்த வி8 எஞ்சின் எம்.ஜி.பி.க்காக, உலோகக் குழாயோடு ஒட்டவைத்த றப்பர் புஷ்களைச் செய்தார்கள். அவை சாதாரண எம்.ஜி.பி.க்கும் அப்படியே பொருந்தும், நெடுங்காலம் உழைக்கும், சில்லைத் தன் இடத்திலிருந்து நகரவிடாது. இந்தக் காருக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்யும் ஒரே ‘மேம்பாடு’ இதுதான். இப்புஷ்ஷின் போல்ற்றுகளைக் கார் ஜக்கில் இருக்கும்போது இறுதியாக முறுக்கிவிடக்கூடாது. நான்கு சில்லுகளிலும் கார் நின்ற பின்பே முறுக்க வேண்டும். இல்லையேல் றப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழிந்துவிடும். கொயில் ஸ்பிறிங்கைக் கழற்றும் வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். அமிழ்ந்திருக்கும் ஸ்பிறிங் தவறி விடுபட்டால் ஆளைக் கொல்லக்கூடிய விசை அதற்குள் இருக்கிறது.

ஓட்டுநர் பக்கம் தாழ்ந்திருப்பதற்குக் காரணம் முன் ஸ்பிறிங்கா, பின் ஸ்பிறிங்கா என்று அறிய ஒரு வழி உண்டு. மட்டமான சீமெந்து நிலத்தில் காரை நிறுத்தி, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜக்கை வைத்துத் தூக்குங்கள். அப்போதும் பின்பக்கம் சரிந்தே நின்றால் பின் ஸ்பிறிங் தளர்ந்திருக்கிறது. பின்பக்கம் மட்டமாகிவிட்டால் குறை முன் ஸ்பிறிங்கில் இருக்கிறது. எந்த ஸ்பிறிங்கானாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அலைச்சலுக்கு வருகிறேன். அக்சிலேற்றரை அழுத்தும்போது ஒரு பக்கமும் காலை எடுக்கும்போது மறுபக்கமும் கார் இழுக்கிறதா என்று கவனியுங்கள். இழுத்தால், பின் ஸ்பிறிங்கின் முன்கண் புஷ், பின்புறத் தொங்கு இணைப்பின் றப்பர்கள், அச்சை ஸ்பிறிங்கோடு கட்டும் யூ போல்ற்றுகள் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று தளர்ந்து, பின் அச்சே காரைத் திருப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முன்பக்கத்தில் ஸ்ரியரிங்கை எவ்வளவு திருத்தினாலும் இது மாறாது. பலர் பல ஆயிரம் ரூபாய்களை முன்பக்கத்தில் கொட்டிய பின்னர்தான் பின்பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கடினமான ஸ்பிறிங் ஏன் வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எம்.ஜி.பி. திறந்த காரின் முன் ஸ்பிறிங்கை ஓர் அங்குலம் அமிழ்த்த 348 இறாத்தல் சுமை வேண்டும். கூரை உள்ள ஜி.ரி. காரின் ஸ்பிறிங்குக்கு 480 இறாத்தல் வேண்டும். போட்டி ஓட்டத்துக்கென விற்கும் ஸ்பிறிங்குகள் ஜி.ரி.யின் அளவையும் தாண்டிப் போகின்றன. மேசை போன்ற ஓட்டப்பந்தயத் தடத்தில் அது நல்லது. நமது கண்டி வீதியும் பலாலி வீதியும் இப்போது காபெட் வீதிகள்தாம். ஆனால் எவருடைய வீடும் காபெட் வீதியில் முடிவதில்லை. கடைசி அரைக் கிலோமீற்றர் கல்லும் மணலுமான ஒழுங்கை. ரயர் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிடி இருக்கும். மேடுபள்ளத்தில் சில்லு துள்ளி அந்தரத்தில் நிற்கும் ஒவ்வொரு கணமும் ஸ்ரியரிங்கும் இல்லை, பிறேக்கும் இல்லை. சில வருடங்களுக்கு முன் வடமராட்சியில் ஒரு நண்பரின் எம்.ஜி.பி.யை ஒரு கராஜில் இரண்டு அங்குலம் தாழ்த்திக் கொடுத்தார்கள். நின்றால் அழகுதான். ஆனால் சற்று மேடான வளைவில் பின் அச்சு, அதன் எல்லைத் தடுப்பு றப்பரில் போய் இடித்தவுடன், ஸ்பிறிங்கே இல்லாத வண்டி போலப் பின்பக்கம் பக்கவாட்டில் துள்ளியது. அந்தக் காரில் நானும் இருந்தேன். அடுத்த வாரமே பழைய உயரத்துக்கு மாற்றினோம்.

அன்ரி ரோல் பாரைப் பற்றி: உங்கள் காரில் அது ஏற்கெனவே இருந்தால் அதன் றப்பர்களை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால், தொழிற்சாலை அளவில் ஒன்றைப் பொருத்துவது நல்லது. அதன் அருமை 1974 இறுதியில் தெரிந்தது. அமெரிக்கச் சட்டங்களுக்காகக் கறுப்பு றப்பர் பம்பரைப் பூட்டிக் காரை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்திய அதே வேளையில், செலவைக் குறைக்கத் திறந்த காரின் முன் அன்ரி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கார்கள் வளைவில் படகு போலச் சரிந்தன. 1977 ஆம் ஆண்டுக்கான மாதிரியில் முன்னும் பின்னுமாக இரண்டு பார்களைப் பூட்டித் தவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. உங்களுடையது 1967 ஆம் ஆண்டுக் கார் என்பதால், அதன் உயரம் முதலிலிருந்தே சரியானது.

கேள்வி: என் எம்.ஜி.பி.யின் லீவர் ஷொக்குகளை எறிந்துவிட்டு நீளமான குழாய் ஷொக்குகளைப் பூட்டினால் கார் புதிது போல ஆகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: முன்பக்க லீவர் ஷொக்கை நீங்கள் எறியவே முடியாது. அதன் இரண்டு கைகளும்தான் கிங் பின்னின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன; அதைக் கழற்றினால் சில்லு நிற்காது. குழாய் ஷொக் செற்றுகள் பலவற்றில், பழைய லீவர் ஷொக் வெறும் மேற்கையாக அப்படியே இருக்க, பக்கத்தில் குழாய் ஷொக் கூடுதலாக வருகிறது. பழைய ஷொக்கின் சுழல்தண்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தால் அந்த ஆட்டம் புதிய ஷொக் பூட்டிய பிறகும் இருக்கும்.

லீவர் ஷொக் கெட்டது என்ற எண்ணம், கெட்டுப்போன லீவர் ஷொக்குகளை மட்டுமே பார்த்ததனால் வந்தது. பின்பக்க ஷொக்கைச் சோதிக்க, அதன் இணைப்புத் தண்டைக் கழற்றிவிட்டுக் கையை மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள். நல்ல ஷொக்கில், தேன் போத்தலுக்குள் கரண்டியை அசைப்பது போல, முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவான தடை தெரியும். நடுவில் ஓரிடத்தில் வெறுமையாக விழுந்தால் உள்ளே ஒயில் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. எங்குமே தடை இல்லையென்றால் வால்வு போய்விட்டது. சுழல்தண்டு வெளிவரும் இடத்தில் ஈரம் கசிந்து மண் ஒட்டியிருந்தால், ஒயில் ஊற்றினாலும் நிற்காது. அதைப் பழுதுபார்த்த ஷொக்காக மாற்றத்தான் வேண்டும்.

ஒயில் மட்டும் குறைந்திருந்தால், மூடியைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் தூரிகையால் துடைத்து, மண்ணெண்ணெயால் கழுவி, உலரவிட்டு, அதன் பின்பே மூடியைத் திறவுங்கள். ஒரு சிறு மணல் உள்ளே விழுந்தால் வால்வு அடைபட்டுவிடும். ஷொக் ஒயில் கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்குக்கான 20 ஆம் இலக்க ஒயில் பொருந்தும். ஊற்றிக்கொண்டே கையை முழு நீளத்துக்கும் பலமுறை அசைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். எஞ்சின் ஒயிலும் பிறேக் ஒயிலும் கூடாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் கையில் கிடைத்ததை ஊற்றினோம்; அன்று வேறு வழியில்லை, இன்று அந்தக் கட்டாயம் இல்லை.

பழுதுபார்த்த நான்கு லீவர் ஷொக்குகள், நல்ல றப்பர் இணைப்புகளோடு, நமது வேகத்துக்கும் வீதிக்கும் தாராளமாகப் போதும். பின்பக்கத்துக்கு மட்டும் குழாய் ஷொக் வேண்டுமென்று உறுதியாக இருந்தால், மென்மையான நிலையில் வைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எம்.ஜி.பி.க்கு எந்த அளவு ரயர் நல்லது, எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்? கம்பிச் சில்லுகளில் அகலமான ரயர் போடலாமா? (மானிப்பாய் வாசகர்)

பதில்: கம்பிச் சில்லின் விளிம்பு ஒடுக்கமானது, அதற்கு 165 அகலமுள்ள 14 அங்குல ரேடியல் ரயரே பொருத்தம். 185 போட்டால் நிறுத்துமிடத்தில் ஸ்ரியரிங் கல்லாகும், ரயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி வளைவில் நெளியும். திறந்த காருக்குத் தொழிற்சாலை சொன்ன காற்று முன்னுக்கு 21, பின்னுக்கு 24 இறாத்தல். அது அக்காலத்து ரயர்களுக்கான அளவு. இன்றைய ரயரில் முன்னுக்கு 24, பின்னுக்கு 26 என்று தொடங்கி, ஓட்டிப் பார்த்து ஓரிரு இறாத்தல் கூட்டிக் குறையுங்கள். காற்று அடிக்கும் இடத்தில் எல்லாக் காருக்கும் போலப் பழக்கத்தில் 32 அடித்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று சொல்லுங்கள். முன்பக்கம் ரேடியலும் பின்பக்கம் பழைய குறுக்கு நூல் ரயரும் கலந்து போடுவது ஆபத்தானது, ஒருபோதும் வேண்டாம். ரயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3219 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ நன்றாகத் தெரிந்தாலும் பத்து வயதான ரயரில் நான் ஏறமாட்டேன். கம்பிகளை ஒரு சிறு திருகாணித் தண்டால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி மணி போல ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

கேள்வி: என்னிடம் 1968 ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிற்ஃபயர் மார்க் 3 இருக்கிறது. மாரி மழையில், நாவற்குழிப் பக்கம் ஒரு வளைவில், எதிரே மாடு வந்ததனால் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் தூக்கியது போல உணர்ந்தேன். அடுத்த கணம் கார் சுற்றிவிட்டது. தெய்வாதீனமாக எவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ரயரை மாற்றினால் போதுமா? (பருத்தித்துறை வாசகர்)

பதில்: தப்பியதற்கு நன்றி சொல்லுங்கள். இனி நான் எழுதுவதை வாசித்து முடிக்கும் வரை அந்தக் காரை மழையில் எடுக்க வேண்டாம்.

நீங்கள் உணர்ந்தது சரியே: பின்பக்கம் உண்மையிலேயே தூக்கியது. 1959 இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடிப்படையில், மிக்கெலொட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்து 1962 இல் வெளிவந்தது ஸ்பிற்ஃபயர். இதன் பின் அச்சு ஒரே துண்டல்ல. நடுவில் டிஃபரென்ஷல் (எஞ்சினின் சுழற்சியை இரு பின் சில்லுகளுக்கும் பிரிக்கும் கியர்ப் பெட்டி) சட்டத்தோடு நிலையாக நிற்க, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு மூட்டிலிருந்து அரை அச்சுகள் பறவையின் சிறகுகளைப் போல மேலும் கீழும் அசைகின்றன. டிஃபரென்ஷலின் மேலே குறுக்காகக் கிடக்கும் ஒரே பிளேட் ஸ்பிறிங் இரண்டையும் தாங்குகிறது. வளைவில் திடீரென்று காலை எடுத்தால் பாரம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் எழும்பும். பின்பக்கம் எழும்பினால் சிறகுகள் கீழே தாழும். சில்லின் அடிப்பகுதி காருக்கு உள்ளே மடங்கும். மடங்கிய சில்லில் பக்கவாட்டு விசை ஏறும்போது அது காரை இன்னும் மேலே தூக்கும். தூக்கத் தூக்க மடங்கும், மடங்க மடங்கத் தூக்கும். ஈரவீதியில் இதற்கு ஒரு நொடி போதும்.

ட்ரையம்ஃப் நிறுவனமே இதைத் திருத்தியது. 1970 இறுதியில் வந்த மார்க் 4 இல், ஸ்பிறிங்கின் அடிப் பிளேட்டை மட்டும் டிஃபரென்ஷலில் இறுக்கி, மற்றப் பிளேட்டுகளை நடுவில் ஒரு சுழலச்சில் ஊஞ்சல் போல ஆடவிட்டார்கள். கார் சரியும்போது ஸ்பிறிங் தானும் சரிந்துகொடுப்பதால், அது சில்லை மடக்கிப் பிடிப்பதில்லை. அதனால் பின்பக்கத்தில் குறைந்த சரிவுத் தடையை ஈடுசெய்ய முன்பக்கத்தில் தடித்த அன்ரி ரோல் பாரையும் பூட்டினார்கள். உங்கள் மார்க் 3 க்கு இந்த ஊஞ்சல் ஸ்பிறிங்கைப் பொருத்தலாம். ஆனால் தடித்த முன் பாரையும் சேர்த்தே பொருத்த வேண்டும். ஒன்றை மட்டும் செய்வது குறையை வேறிடத்துக்கு மாற்றுவதாகும்.

அதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை. மட்டமான நிலத்தில், உங்கள் நிறையுள்ள ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் இருத்தி, மேசனின் தூக்குக் குண்டை ஒவ்வொரு பின் சில்லின் அருகிலும் தொங்கவிட்டு, நூலிலிருந்து சில்லின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 6 தொடக்கம் 12 மில்லிமீற்றர் வரை உள்ளே இருந்தால் நல்லது. அது ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு பாகை. மேல் விளிம்பு வெளியே இருந்தால் உங்கள் விபத்துக்கான காரணம் அங்கேயே இருக்கிறது. அண்மையில் பின் ஸ்பிறிங்கைப் பட்டறையில் தட்டி உயர்த்தினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தளர்ந்து தாழ்ந்த ஸ்பிறிங்கை அழகுக்காகத் தட்டி வளைத்து உயர்த்துவது, மற்றப் பல கார்களுக்குத் தீங்கில்லாத வேலை. ஸ்பிற்ஃபயருக்கு அது பெருந்தீங்கு. ஸ்பிறிங்குக்கும் டிஃபரென்ஷலுக்கும் நடுவில், நீளமான போல்ற்றுகளோடு, ஒரு தட்டையான இரும்புக் கட்டையை வைத்துப் பின்பக்கத்தைச் சிறிது தாழ்த்துவது பழைய, நம்பகமான பரிகாரம். எம்.ஜி.பி.யைத் தாழ்த்தாதீர்கள் என்று மேலே எழுதிய நான் இங்கே தாழ்த்தச் சொல்வது, இரண்டின் பின் அச்சும் வேறு வேறானவை என்பதனால்தான். பின் ரயரில் முன் ரயரைவிட அதிக காற்று இருக்க வேண்டும் என்பதும் தொழிற்சாலை சொன்னதே. இரண்டுக்கும் ஒரே அளவு அடிக்காதீர்கள்.

முன்பக்கத்தையும் பாருங்கள். கிங் பின்னுக்குப் பதிலாக ஸ்பிற்ஃபயரில், நிமிர்ந்த இரும்புத் தண்டு ஒன்று கீழே ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகாணி போலத் திருகி நிற்கிறது. அதற்குக் கிறீஸ் அல்ல, இ.பி. 90 கியர் ஒயில் ஏற்ற வேண்டும். நமது கராஜ்களில் நிப்பிளைக் கண்டவுடன் கிறீஸ் துப்பாக்கியை வைத்துவிடுகிறார்கள். கிறீஸ் காய்ந்து வழியை அடைக்க, தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடித்து, ஒரு நாள் சில்லு திருப்பும்போது முறிந்து விழும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கீழே புதிய ஒயில் கசியும் வரை ஏற்றுங்கள். இடது பக்கத்து வெண்கலக் கட்டையும் வலது பக்கத்ததும் வேறு வேறு, மாற்றிப் பூட்டக்கூடாது.

எல்லாம் செய்த பின்பும், வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, வளைவுக்குள் அக்சிலேற்றரை இலேசாக அழுத்தியபடியே போகப் பழகுங்கள். இந்தக் காருக்கு அது பழக்கமாகவே ஊற வேண்டும்.

கேள்வி: நாற்பது வருடமாக ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களையே பார்த்துவந்த மெக்கானிக் நான். இப்போது ஒருவர் 1960 ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் காரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இதில் கைவைக்கலாமா? றப்பருக்குப் பதிலாகப் பொலியூரிதீன் (கடினமான செயற்கைப் பொருள்) புஷ் போடச் சொல்கிறார், போடலாமா? (சுன்னாகம் வாசகர்)

பதில்: ஐயா, நீங்கள் கைவைக்காமல் வேறு யார் கைவைப்பது? 1958 இல் ஸ்பிறைற் வெளிவந்தபோது அதன் முன்பக்க அமைப்பு ஒஸ்ரின் ஏ35 இலிருந்தும், ஸ்ரியரிங் றாக் (ஸ்ரியரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கும் பற்தண்டு) மொறிஸ் மைனரிலிருந்தும் எடுக்கப்பட்டன. எஞ்சின் மைனர் 1000 இல் உள்ள அதே 948 சி.சி. குடும்பம். எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் உங்கள் கேம்பிரிட்ஜ் எஞ்சினின் தம்பிதான். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல், சில துளி பெற்றோலில் ஸ்ராற் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய வாடகைக் கேம்பிரிட்ஜ்களின் ஸ்பிறிங் புஷ்களைப் பழைய லொறி ரயரிலிருந்து வெட்டி எடுத்துப் பூட்டியதைச் சிறுவனாக உங்கள் போன்றோரின் கராஜ் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். எந்த றப்பர் எவ்வளவு நெகிழ வேண்டும் என்பது உங்கள் விரலுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் புதிது: இந்த ஸ்பிறைற்றின் பின் ஸ்பிறிங் அரைவாசிதான். அதன் தடித்த முனை, இருக்கைக்குப் பின்னால் தரைக்குள் உள்ள ஒரு பெட்டிக்குள் சொருகப்பட்டிருக்கிறது. 1964 வரை இப்படியே செய்தார்கள். அந்தப் பெட்டியின் தகடு துருத்திருந்தால் எந்தப் புஷ்ஷும் உதவாது. சுத்தியலின் பிடியால் தட்டி, ஒலியைக் கேட்டுவிட்டே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

பொலியூரிதீனை அன்ரி ரோல் பாரின் பிடிகளில் போடலாம். மற்ற இடங்களில் நல்ல றப்பரே என் தெரிவு. பொலியூரிதீன் அதிர்வை உடலுக்குக் கடத்தும், அதற்கென உள்ள கிறீஸ் உலர்ந்தால் கிறீச்சிடும். றப்பரைக் கொல்வது வயதைவிட நாம்தான். துருவைத் தடுப்பதாக எண்ணிக் கழிவு ஒயிலையும் டீசலையும் அடியில் அடிக்கும் வழக்கம் எல்லாக் கராஜ்களிலும் இருக்கிறது. அது புஷ்களை ஊதவைத்துக் கூழாக்கிவிடும். அடிக்கத்தான் வேண்டுமென்றால் புஷ்களை மூடிவிட்டு அடியுங்கள்.

கேள்வி: காரைநகரில் இருந்து பொன்னாலைப் பாலத்தால் நாளாந்தம் எம்.ஜி.பி.யில் வந்துபோகிறேன். கிங் பின்னும் புஷ்ஷும் மாற்றியாகிவிட்டது. கணினி அலைன்மென்ற் (சில்லுகளின் திசையைச் சரிசெய்தல்) செய்யும் இடத்தில் என் காரின் அளவு தங்களிடம் இல்லை என்கிறார்கள். என்ன செய்வது? (காரைநகர் வாசகர்)

பதில்: அளவை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்: முன் சில்லுகள் முன்னால் உள்நோக்கி 1/16 முதல் 3/32 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 1.6 முதல் 2.4 மில்லிமீற்றர். இந்தக் காரில் திருத்தக்கூடியது இது ஒன்றுதான். காஸ்ரர் (கிங் பின்னின் பின்சரிவு) 7 பாகை, காம்பர் (சில்லின் பக்கச்சரிவு) ஏறத்தாழ 1 பாகை வெளிச்சரிவு. இரண்டும் செய்யும்போதே அமைந்தவை, தவறாகக் காட்டினால் எங்கோ வளைந்திருக்கிறது என்று பொருள்.

வீட்டிலும் செய்யலாம். சீமெந்துத் தரையில் காரை முன்னோக்கித் தள்ளி, ஸ்ரியரிங் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். காரின் இரு பக்கமும், சில்லின் நடு உயரத்தில், முன்னும் பின்னும் கதிரைகளை வைத்து ஒன்றுக்கொன்று சமாந்தரமாக மேசன் நூலைக் கட்டுங்கள். நூலிலிருந்து முன் சில்லின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்து, வித்தியாசங்களைக் கூட்டினால் உங்கள் அளவு வரும். சில்லின் விளிம்பே நெளிந்திருக்கலாம் என்பதால், சில்லு அரைச் சுற்று சுழலும் அளவுக்குக் காரை முன்னோக்கித் தள்ளி, மீண்டும் அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் அந்தப் பாலத்தில் உப்புத்தண்ணீர் தூவானமாகக் காரின் அடியில் படிகிறது. அதன் கேடு முதலில் தெரிவது பின் ஸ்பிறிங்கின் தொங்கு இணைப்புகளிலும் அவற்றைத் தாங்கும் தகட்டிலும்தான். வாரம் ஒரு முறை கிணற்றுத் தண்ணீரால் அவ்விடங்களைக் கழுவுங்கள்.

ஸ்ரியரிங் தண்டுகளைத் திருகுமுன், றாக்கின் றப்பர் உறையைப் பிடித்திருக்கும் சிறு வளையத்தைத் தளர்த்த வேண்டும். இல்லையேல் உறை முறுகிக் கிழிந்து, உப்பும் மணலும் றாக்குக்குள் போய்விடும். இரு பக்கத் தண்டுகளையும் சம அளவில் திருகுங்கள். பூட்டு நட்டை முறுக்கிய பின் ஒரு கிலோமீற்றர் ஓட்டிவிட்டு வந்து, நூலை அவிழ்க்காமல் வைத்திருந்து, மீண்டும் ஒரு முறை அளவுங்கள்.